காதோர மச்சம்

இந்தக் கதையில் தேதிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது.

அமெரிக்கா தன் விடுதலைக்காக இங்கிலாந்து ராஜாவோடு போரிட்டுக்கொண்டிருந்த காலம். பென்சில்வேனியாவில் 1780 மார்ச் முதல் தேதி ஒரு சட்டம் வந்தது. இனி அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளை இருபத்தெட்டு வயதுவரை உழைத்தால் போதும், பிறகு விடுதலை. அதற்கு முன் பிறந்தவர்கள் சாகும்வரை அடிமைகள்தான். ஆனால் எஜமான் அவர்களை நவம்பர் முதல் தேதிக்குள் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். தவறினால் அவர்களுக்கு அப்போதே விடுதலை. ஊரெல்லாம் சுதந்திரம் பேசியவர்களுக்கு அவ்வளவுதான் மனசு வந்தது.

பண்ணைக்காரர் ஹாலோவெல்லின் அடிமை சூக்கிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். பிரசவம் பார்த்தவள் டெபோரா. அவள் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவள். எப்போதும் உண்மை பேசுகிறவர்களுக்குச் சத்தியம் எதற்கு என்று, சத்தியமே செய்யாதவர்கள் அந்தச் சபையார். பிப்ரவரி கடைசி நாள் மாலையில் முதல் பிள்ளை பிறந்தான். குளிப்பாட்டும்போது அவன் இடது காதுக்குப் பின்னால் மிளகளவு மச்சத்தை டெபோரா பார்த்தாள். இரட்டையரில் மூத்தவன் என்று தெரிவதற்காக, வழக்கப்படி அவன் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினாள். மற்றவன் தாயை வாட்டி எடுத்துவிட்டு மறுநாள் சாயங்காலம்தான் வந்தான். அதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது.

சட்டத்தின் சேதி பண்ணைக்கு எட்டிய அன்றே சூக்கி அந்த நூலை அவிழ்த்து அடுப்பில் போட்டாள்.

நவம்பர் முதல் தேதி. பதிவு அலுவலகம் மூட அரைமணி இருக்கும்போது ஹாலோவெல் தாயையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிறந்த நாட்களைச் சொல்ல டெபோராவும் வந்திருந்தாள், சொன்னாள்.

“இவர்களில் மூத்தவன் எவன்?” என்று கேட்டார் குமாஸ்தா.

“எனக்கே அடையாளம் தெரியவில்லை, ஐயா,” என்றாள் சூக்கி.

ஹாலோவெல்லுக்குப் பொறுமை போயிற்று. “பருத்தவன்தான் மூத்தவன். பெயர் கேட்டோ. எழுதுங்கள்.”

குமாஸ்தா ஒழுங்கான ஆள். அந்தப் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘உடம்பில் மச்சமோ தழும்போ இல்லை’ என்றும் சேர்த்து எழுதினார். மற்றவனை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

மச்சம் இல்லை என்றதுமே டெபோராவுக்கு விளங்கிவிட்டது. எழுதப்பட்டவன் இளையவன். அவள் வாய் திறந்தால் மூத்தவன் சாகும்வரை அடிமை. திறக்காவிட்டால் இளையவன் சாகும்வரை அடிமை, அவளும் ஒரு பொய்க்குத் துணைபோனவள். சூக்கி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா, அம்மா?” என்றார் குமாஸ்தா.

கேட்கிறவர்களே, டெபோரா பேசுவது சரியா, பேசாமலிருப்பது சரியா?

விடை: பேசுவதுதான் சரி, ஆனால் அன்றைக்கு அல்ல. “இன்றைக்கு ஒன்றுமில்லை,” என்று சொல்லிவிட்டு டெபோரா வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை வந்து மச்சத்தைப் பற்றிச் சொன்னாள். சட்டத்துக்குப் பின் பிறந்த இளையவனை ஆயுள் அடிமையாக எழுதியது செல்லாது. மச்சம் இல்லை என்று குமாஸ்தா தன் கையால் எழுதியதே அதற்குச் சாட்சி. மூத்தவன் பெயர் ஏட்டில் இல்லை, கெடுவும் முடிந்துவிட்டது, அவனுக்கு விடுதலை. இளையவன் மட்டும் இருபத்தெட்டு வயதுவரை உழைக்க வேண்டும். குமாஸ்தா கேட்டோவின் வரியை அடித்தார். அதற்கு மேல் வரியில், ‘சூக்கி, வயது இருபத்திரண்டு, ஆயுள் முழுக்க’ என்று இருந்தது. அதில் பிழை எதுவும் இல்லை.