விண்டோ திறக்கும் இடம்

திரவியம் கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள அதற்குப் பிறகுதான் வடிவிடம் வந்தார். வடிவுக்கு அவரைவிட வயது மிகக் குறைவு. அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை சார் என்றாள்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதிவந்தார்கள். எண்களைக் கொடுத்தால் அது வரைபடம் போட்டு, கணினித் திரையில் ஒரு விண்டோ திறந்து அதில் காட்டும்.

ஒருநாள் திரவியம் கேட்டார்.

"டீச்சர், விண்டோ எங்க திறக்கணும், எவ்வளவு பெருசா திறக்கணும்னு யாரு முடிவு பண்றது?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"நாமதான். நட்டநடுவுல, திரையில பாதி அளவுக்கு. ஒவ்வொரு தடவையும் அப்படியே. எழுதியே முடிச்சிட்டேன்."

"ஓட்டுங்க, பார்ப்போம்."

வரைபடம் நடுவில் வந்தது. வடிவு அதை வலது ஓரத்துக்கு இழுத்து, சிறிதாக்கிவிட்டுப் பார்த்தாள்.

"அடுத்தது."

அதுவும் நடுவில் வந்தது. அதையும் இழுத்தாள். அதற்கடுத்ததையும்.

திரவியத்துக்கு மனம் சுருங்கியது. "நடுவுல நல்லாத்தானே இருக்கு? எதுக்கு நகத்திக்கிட்டே இருக்கீங்க?"

"எனக்கு இடது பக்கம் தெரியாது சார். தலையில ஒரு ஆபரேஷன் பண்ணாங்க. அதுலருந்து ரெண்டு கண்ணுக்கும் வலது பாதிதான்."

திரவியம் அவசரமாகச் சொன்னார். "வலது ஓரத்துலயே திறக்கிற மாதிரி மாத்திடுறேன். எல்லாருக்கும்."

வடிவு சிரித்துவிட்டாள். "எல்லாருக்குமா?"

அவர் யோசித்தார். "அப்ப, அவங்கவங்க கடைசியா விட்ட இடத்துல, விட்ட அளவுல திறக்கட்டும்."

அவள் தலையசைத்தாள்.

"ஆனா டீச்சர், பெரிய திரையில வேலை பார்த்துட்டு வீட்டுல போய்ச் சின்னதுல திறந்தா? அந்த இடமே இருக்காதே. விண்டோ கண்ணுக்கே படாதே."

"காணாமப் போனா மட்டும் தேடித் திரைக்குள்ள கூட்டிட்டு வாங்க."

திரவியம் தான் எழுதிய வரிகளை அழிக்க ஆரம்பித்தார். பாதியில் விரல்கள் நின்றன.

அவர் உட்கார்ந்திருந்தது வடிவின் இடது பக்கம். வந்த நாளிலிருந்து அங்கேதான். அவர் சந்தேகம் கேட்கும்போதெல்லாம் அவள் நாற்காலியோடு முழுதாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள். தன் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்திருந்தார். மனைவியிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர், இந்தப் பக்கம் வந்து உட்காருங்கன்னு."

"காத்து வருதுன்னு நீங்களாப் பார்த்து உட்கார்ந்த இடம் சார் அது" என்றாள் வடிவு. "நான் திரும்பிக்கிட்டாப் போதுமா இருந்துச்சு."