ஏரிக்குள் இறங்கிய வெள்ளைக் கல்

மலையடிவாரக் காட்டில் ஓர் ஏரி. அதன் சரிவில் ஒரு வெள்ளைக் கல். கல்லின் நிழலில் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை இட்டிருந்தது.

காட்டின் தண்ணீர்ச் சட்டம் அந்தக் கல்லில்தான் இருந்தது. தண்ணீர் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை யாரும் குளிக்கலாம், சேற்றில் புரளலாம். கல்லை விட்டு இறங்கிவிட்டால் குடிக்க மட்டும்தான். கல் வறண்டு நிற்பதைப் பார்த்ததும் மலைமேல் இருக்கும் யானைகள் இறங்கி வரும். ஏரிக்குள் எல்லோருக்கும் ஊற்றுத் தோண்டிக் கொடுக்கும்.

அந்தக் கோடையில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஒரு பிற்பகலில் முட்டைகள்மேல் சுள்ளென்று வெயில் விழுந்தது. இரை தேடிவிட்டு வந்த ஆள்காட்டி சுற்றிப் பார்த்தது. நிழலும் இல்லை, கல்லும் இல்லை! கல் பத்தடி கீழே, தண்ணீரோரம் நின்றது. பக்கத்தில் காட்டுப்பன்றி சுகமாகப் புரண்டுகொண்டிருந்தது.

“பன்றியண்ணே, கல்லை நீங்கதானே உருட்டுனீங்க?”

“தண்ணி கல்லைத் தொடுதா இல்லையா? சட்டப்படிதான் புரளுறேன். போய் உன் சோலியைப் பாரு.”

“சரி. ரெண்டு நாள்ல நீங்களே என்னைத் தேடி வருவீங்க.”

தண்ணீர் இறங்க இறங்க, பன்றி கல்லையும் உருட்டிக்கொண்டே போனது. அதற்கு மூளை இருந்தது, வெட்கம்தான் இல்லை. வயிற்று இறகை நனைத்து வந்துதான் ஆள்காட்டி முட்டைகளைக் குளிர வைக்கும். இப்போது சேறுதான் ஒட்டியது. மலைக்குப் பறந்து முறையிடலாம். திரும்புவதற்குள் முட்டைகள் வெந்துவிடும். அது சிறகை விரித்துத் தானே நிழலாக நின்றது.

மூன்றாம் நாள் காலையில் ஏரியில் ஈரச் சேறு மட்டுமே மிஞ்சியிருந்தது. பன்றி நாக்கு வறண்டு வந்து நின்றது.

“மூக்கால தோண்டிப் பார்த்துட்டேன், சேத்துக்கு அடியில பாறையா இறுகிக் கிடக்கு. யானைங்க ஏன் இன்னும் வரல?”

“எப்படி வருவாங்க? மேல இருந்து பார்த்தா கல்லு இன்னும் ஈரத்துல நிக்குதே. ஏரி நெறைஞ்சு கிடக்குன்னு நெனைச்சுட்டு இருப்பாங்க.”

பன்றி கீழே நின்ற கல்லைத் திரும்பிப் பார்த்தது.

“கல்லைப் பழைய இடத்துக்கு ஏத்துங்க” என்றது ஆள்காட்டி.

“அந்த இடம் யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். சாயங்கால நிழல் என் நாலு முட்டை மேலயும் விழணும்.”

உருட்டிவிட்டது சுலபமாக இருந்தது. ஏற்றுவதற்குள் பன்றிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. “இன்னும் ஒரு சாண், அண்ணே” என்று ஆள்காட்டி விடாமல் வேலை வாங்கியது. மாலையில் நிழல் நான்கு முட்டைகளையும் மூடியது.

மறுநாள் யானைகள் வந்தன. ஊற்றில் நீர் சுரந்ததும் பன்றி முண்டியடித்து ஓடியது. மூத்த யானை கல் உருண்ட தடத்தைப் பார்த்தது, பன்றியின் முதுகுச் சேற்றையும் பார்த்தது.

“நீ கடைசி” என்றது.

ஆள்காட்டி முதலில் இறங்கி, வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டு முட்டைகளிடம் பறந்தது.

பொதுத் தண்ணீரின் சட்டத்தைத் தன் சுகத்துக்காக நகர்த்துகிறவன், தன் தாகத்துக்கு வரும் உதவியையும் தானே தடுத்துக்கொள்கிறான்.