நடு ஏரியில் ஒரு கூட்டம்

ஒரு ஏரி. அதைச் சுற்றி மூன்று ஊர். ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. மூச்சுக்கு வழியில்லாமல் மீன்கள் செத்துச் செத்து மிதந்தன.

ஒவ்வொரு ஊரும் தன் துறையில் கிடக்கும் தாமரையை மூங்கிலால் அடுத்த ஊர்ப் பக்கம் தள்ளிவிடும். காற்று திரும்பினால் போதும், மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட பெண் மாதிரி அது புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்.

ஏரிக்கரையில் இருந்த மடத்துச் சாமியின் சீடன் செம்பன் மீன் பிடிக்கிறவன். வலை காய்ந்து கிடந்தது அவனுக்கு. மூன்று ஊர்த் தலைவர்களையும் கெஞ்சி மடத்துக்கு அழைத்து வந்தான்.

"தாமரை தென்கரையிலேருந்துதான் வந்தது. அவங்க முதல்ல எடுக்கட்டும்" என்றார் மேலக்கரைத் தலைவர்.

"நல்லாருக்கே! வடகரையைக் கேளும்" என்றார் தென்கரைத் தலைவர்.

"ஏரியில எங்க எல்லை எதுவரைக்கும்? அதைச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்" என்றார் வடகரைத் தலைவர்.

செம்பன் தலையில் கைவைத்தான். "சாமி, இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள ஒரு மீன்கூட மிஞ்சாது."

"நியாயமான கேள்விதானே? போய்ப் பார்த்திடுவோம். பரிசலை எடு" என்றார் சாமி.

காற்று தாமரையை ஒதுக்கிவிட்ட இடுக்கு வழியாகச் செம்பன் எல்லோரையும் நடு ஏரிக்குக் கொண்டுபோனான். சாமி தலைவர்களுக்கு ஆளுக்கொரு துடுப்பு கொடுத்தார். "அவங்கவங்க எல்லையைக் காட்டுங்க."

மூவரும் அவரவர் கரையைப் பார்த்து வலித்தார்கள். பரிசல் நின்ற இடத்திலேயே ராட்டினமாய்ச் சுற்றியது. அதற்குள் காற்று திரும்பி, தாமரை நாலு பக்கமும் அடைத்துக்கொண்டது.

"ஐயோ, மாட்டிக்கிட்டோமே!" என்றார்கள் தலைவர்கள்.

"கத்துங்க" என்றார் சாமி.

கத்தினார்கள். அவரவர் ஊரைப் பார்த்து.

மூன்று கரையிலும் சனம் திரண்டது. "நம்ம தலைவரை வேற ஊர்க்காரன் காப்பாத்திட்டா மானம் போச்சு! எடுறா அரிவாளை!" தாமரையை அறுத்து, தோணி தோணியாக அள்ளிக் கரையில் கொட்டி, வழி வெட்டிக்கொண்டு வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்று வழியும் நடு ஏரியில் வந்து முட்டின.

வடகரைத் தலைவர் தம் ஊர்த் தோணியில் விறைப்பாக ஏறினார். "எல்லை இன்னும் முடிவாகலை. அடுத்த வாரமும் இங்கேயே கூடணும்."

மற்ற இருவரும் உடனே தலையாட்டினார்கள். அன்றைக்கு மூவரும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

திறந்த தண்ணீரில் மீன் துள்ளியது. செம்பன் முகம் மட்டும் தெளியவில்லை.

"சாமி, ஏரிக்காக ஒருத்தனும் வரலையே. அவனவன் தன் தலைவருக்காகத்தானே வந்தான்?"

"மெல்லப் பேசு செம்பா. மீனுக்குக் கேட்டிடப் போகுது."