தண்ணீருக்கு எத்தனை மரம்?

புளியமரத்தில் ஓர் அணில். அடுத்த மரத்தில் மைனா. அதற்கடுத்த மரத்தடியில் கீரி, பிறகு முயல் என்று மரத்துக்கொருவராக அந்தக் காட்டில் குடியிருந்தார்கள்.

இருந்த இடத்தைவிட்டு நகர எல்லாருக்கும் சோம்பல். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தண்ணீர் எத்தனை மரம் தள்ளி இருக்கிறது என்பதைப் பக்கத்து மரத்துக்காரரிடம் மட்டும் சொல்வார்கள். கேட்டவர் அதோடு ஒன்றைக் கூட்டித் தன் கணக்காக வைத்துக்கொள்வார். இரண்டு பக்கமும் வேறுவேறு எண் வந்தால், சின்ன எண்ணே சரி. யார் சொல்லித் தெரியும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்!

புளியமரத்தை ஒட்டி அடுத்தது குளம். ஆகவே அணிலுக்கு ஒன்று, மைனாவுக்கு இரண்டு, கீரிக்கு மூன்று.

ஒரு சித்திரை வெயிலில் குளம் வற்றிப்போனது. குளத்து ஆமை தட்டுத்தடுமாறி அணிலிடம் வந்தது. இன்று தண்ணீரைப் பார்க்காவிட்டால் உயிர் தங்காது என்று அழுதது.

அணில் பதறிப்போய் மைனாவிடம் கேட்டது. மைனா பழைய நினைப்பில் இரண்டு மரம் என்றது. மைனாவுக்கு வேறு குளம் தெரியும் போலிருக்கிறது என்று அணில் துள்ளிக் குதித்தது. ஒன்றைக் கூட்டி, தனக்கு மூன்று என்று அறிவித்தது. அணில் கணக்கு மாறினால் மைனா கணக்கும் மாற வேண்டுமே! அப்படியானால் எனக்கு நான்கு என்றது மைனா. எனக்கு ஐந்து என்றது அணில். எனக்கு ஆறு என்றது மைனா. வாலை ஆட்டுவதென்ன, சிறகை அடிப்பதென்ன, இருவருக்கும் ஒரே குதூகலம்!

ஆமையின் பாடுதான் திண்டாட்டம். அணில் அதை மைனாவிடம் அனுப்பியது. மைனா அணிலிடமே திருப்பி அனுப்பியது. எண் ஏற ஏற, ஆமை அங்குமிங்கும் நடந்து, தலை சுற்றி நடுவழியில் உட்கார்ந்துவிட்டது.

"மைனாக்கா, பத்து மரம்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டது ஆமை.

"அணில்தான்."

"அணிலே, உனக்கு?"

"மைனாக்காதான்!"

"நல்லா இருக்கே! ஒருத்தர் சொன்னதை அவங்ககிட்டயே இன்னொருத்தர் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தா, நான் எங்கே போய்த் தண்ணி குடிப்பேன்?"

இருவருக்கும் முகத்தில் அசடு வழிந்தது. யாரிடம் கேட்டோமோ, அவரிடமே அந்தக் கணக்கைத் திருப்பிச் சொல்வதில்லை என்று அங்கேயே முடிவானது. மைனா வாழ்நாளில் முதல்முறையாக, தனக்குத் தெரியாது என்றது. இதுவரை மைனாவையே நம்பியிருந்த கீரி, இப்போதுதான் மறுபக்கத்து முயலிடம் திரும்பியது. முயலுக்குப் பத்து மரம் தள்ளி ஒரு பெரிய ஏரி இருந்தது. கீரிக்குப் பதினொன்று. மைனாவுக்குப் பன்னிரண்டு.

பன்னிரண்டா என்று ஆமை மலைத்தது. இருந்தாலும் நடந்தது. இந்தத் தடவை நடக்க நடக்க எண் குறைந்தது. பதினொன்று, பத்து, ஒன்பது... பொழுது சாயும் நேரத்தில் ஏரிக்குள் தொபுக்கென்று விழுந்தது ஆமை!

நாம் சொன்னதே பிறர் வாய்வழியாக நம்மிடம் திரும்பி வந்தால், அதைப் புதிய செய்தி என்று நம்பி ஏமாறக் கூடாது.