கடைசி வரியில் ஸ்டெல்லா

எழுத்துரு வரையும் கோமதிநாயகத்திடம் சண்முகவடிவு பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். குருவைவிட வயதில் மூத்தவள். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை சார் என்பாள். திட்டு விழும்போதும் அந்த மரியாதை குறையாது.

அவள் வரைந்த முதல் எழுத்துரு பார்க்க அத்தனை அழகு. ஒரு கோடு தடிமன், அடுத்த கோடு மயிரிழை, நுனியில் நறுக்கென்று ஒரு சிறு பட்டை. நகைக்கடைக்காரர் ஒருவர் கடைப் பலகைக்குக் கேட்டிருந்தார்.

அதற்குள் அவள் தம்பி செத்துப்போனான்.

கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை அந்த எழுத்திலேயே அமைத்தாள். தம்பி சொந்தபந்தத்தை எதிர்த்துக் கட்டியவள் ஸ்டெல்லா. அவள் பெயர் வரவே கூடாது என்றார் பெரியப்பா. துக்க வீட்டில் சண்டை வேண்டாமே என்று வடிவுதான் வழி சொன்னாள்.

"கடைசி வரியில சின்னதா போட்டுக்கிடுதேன் பெரியப்பா."

அவர் தலையாட்டினார்.

உடல் வருவதற்கு முன்பே தெருமுனைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. தம்பியின் பெயர் பெரிதாக, பளிச்சென்று இருந்தது. ஆம்புலன்ஸைவிட்டு இறங்கிய ஸ்டெல்லா அதன் முன்தான் நின்றாள்.

"மதினி, எம் பேரு போடலையா?"

"போட்டிருக்கேம்மா. கடைசில பாரு."

ஸ்டெல்லா விரல் வைத்துத் தேடினாள். மட்டமான தாள். கறுப்பு மை பரவி மெல்லிய கோடுகளையெல்லாம் விழுங்கியிருந்தது. கம்பி போன வேலியில் கல்தூண் மட்டும் நிற்குமே, அப்படிச் சில வெள்ளைக் குச்சிகள்தான் மிச்சம்.

"சரி மதினி," என்று உள்ளே போனாள். ஏசியிருந்தால்கூட வடிவு தாங்கியிருப்பாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டியிருந்தது. வடிவு குருவிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"இந்த எழுத்து எதுக்கு சார் ஆகும்? அழிச்சிருதேன்."

கோமதிநாயகம் அவளுடைய எழுத்துருவிலேயே 'ஸ்டெல்லா' என்று அமைத்தார். தாள் முழுக்க அந்த ஒரே பெயர். அதே மட்டத் தாள், அதே கறுப்பு. அச்சாகி வந்ததைச் சுவரில் ஒட்டினார்.

"தள்ளி நின்னு பாருங்க அக்கா."

ஒரு மயிரிழைகூட அறுபடவில்லை.

"எழுத்துல குறை இல்லேங்கீங்களா?"

"சின்ன அளவுக்கு இது தாங்காது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார்."

வடிவு சுவரிலிருந்த தாளின் மெல்லிய கோடு ஒன்றை விரலால் தடவினாள்.

"மெல்லிசுக் கோட்டையெல்லாம் தடிப்பாக்கிடுதேன் சார். அப்பம் பத்திரிகைல சின்னதா போட்டாலும் தெரியும்லா?"

"தெரியும். கோட்டை எப்ப வேணாலும் தடிப்பாக்கிக்கிடலாம்," என்றார் கோமதிநாயகம். "அவங்களை எந்த வரியில போடப் போறீங்க?"