எட்டு முழக் கை

“இடக்கை மட்டும் எட்டு முழமாமே! அவ புருஷன் மனுஷனா, புடலங்காயா?”

சுனையோரம் தண்ணீர் மொள்ளும் பெண்கள் சிரித்தது, புதர் மறைவில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த செவந்தியின் காதில் விழுந்தது. அவர்களுக்குத் தெரிந்தது அவள் பின்னும் சட்டையின் கை மட்டும்தான்.

கேளுங்கள். ராஜாக்களின் குதிரைகூட ஏறி வராத பனிமலையில் ஒரு காலத்தில் நடந்தது இது. அங்கே ஆண்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னுவது பெண்கள். அவர்களுடைய மூங்கில் ஊசிகளுக்கு ஒரு விதி உண்டு. சட்டை ஊசியில் இருக்கும்வரை அதற்குரியவனைச் சாவு கொண்டுபோகாது. ஆனால் நாளுக்கு ஒரு வரிசையாவது ஏற வேண்டும். அப்படியிருந்தும் எல்லாப் பெண்களும் அளவோடு முடித்து ஊசியை உருவிவிடுவார்கள். ஏன் என்று செவந்தி கேட்டதில்லை.

அவள் கணவன் காரி காய்ச்சலில் விழுந்தபோது சட்டையில் இடக்கை மட்டும் பாக்கி. வைத்தியர் கைவிரித்துவிட்டார். செவந்தி ஊசிகளை எடுத்தாள். முழங்கை வந்தது. மணிக்கட்டு வந்தது. அவள் நிறுத்தவில்லை.

காரியின் மூச்சு நின்றது. கண்கள் மட்டும் மூடவில்லை.

முதல் மாதம் அவனுடைய இடக்கை கட்டிலிலிருந்து நீண்டு தரையைத் தொட்டது. இரண்டாம் மாதம் அடுப்படிவரை வந்து, சூடு தேடிச் சாம்பலைத் துழாவியது. மூன்றாம் மாதம் கதவடிக்குப் போய், பலகையை நகத்தால் பிராண்டியது.

சுனையோரத்திலிருந்து வீடு திரும்பி, சுள்ளிக்கட்டை இறக்கிவிட்டு அன்றைய வரிசையைப் பின்ன உட்கார்ந்தாள் செவந்தி. கதவடியில் கிடந்த கை மெல்ல ஊர்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பனிக்கட்டி போலிருந்தது.

“போதும் புள்ள. குளிருது,” என்றான் காரி, உதடு அசையாமல்.

“நீங்க போயிட்டா நான் எப்படி இருப்பேன்? உங்களுக்காகத்தானே பின்னுறேன்!”

“எனக்காகவா?”

அவள் ஊசிகளை மடியில் வைத்தாள். தன்னால் பிரிவைத் தாங்க முடியவில்லை என்பதற்காக இன்னொருவரை வேதனையில் நிறுத்தி வைப்பது அன்பாகாது.

செவந்தி ஊசியோடு அந்தச் சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டாள். சட்டையின் எட்டு முழக் கை அவன் கைக்கு ஒரு விரல்கடைகூடக் கூடவில்லை, குறையவில்லை. பிறகு அவன் மணிக்கட்டருகே உட்கார்ந்து, கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியிலிருந்து இறக்கி முடிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.