பேச்சியைக் கூட்டிவரப் போன கார்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே போகிற பெரிய ரோட்டைத் தொட்டுக்கொண்டே நொச்சிக்குறிச்சி என்று ஓர் ஊர். ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும், சொன்னதைச் சொன்னபடியே செய்து முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அவர்களிடம் ஒரு குறை உண்டென்றால் அதுவும் இதுதான்.

அந்த ஊரில் இசக்கியப்பன் கொஞ்சம் விவரமானவர் என்று பெயர் வாங்கியிருந்தார். பெயர் கொடுத்தவர்கள் அவருடைய தம்பி சுடலைமுத்துவும், வீட்டுக்காரியின் தம்பி நம்பிராஜனும். மூன்று பேரும் கூட்டாக ஒரு கார் வாங்கியிருந்தார்கள். ஓடிய கார்தான். ஆனாலும் ஒற்றை விரலால் தள்ளினால் சுற்றுகிற எலெக்ட்ரானிக் ஸ்டியரிங். வாங்கிய புதிதில் இசக்கியப்பன் சாப்பிட்ட பிறகு காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைச் சும்மா சுற்றிவிட்டுத்தான் படுக்கப் போவார்.

கார் வாங்கியது தங்கை பேச்சியம்மாளுக்காக. அவள் கல்யாணத்துக்கு இவர்கள் சீர்வரிசையோடு பால் வண்டியில் போய் இறங்கினார்கள். பேச்சியின் மாமியார் கோமதியம்மாள் அதை மறக்கிற ஆள் இல்லை. இப்போது பேச்சிக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். கார் கொண்டுவந்தால் அனுப்புவேன், பஸ், பால் வண்டி என்று வந்து நின்றால் பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று கோமதியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். பேச்சி போனில் அழுதாள். அந்த அழுகை இசக்கியப்பனின் காதை விட்டுப் போகவே இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் காரைத் துடைத்து ஸ்டார்ட் செய்தார். ஸ்டியரிங்கைத் தொட்டால் ஆட்டுரல் மாதிரி அசைய மறுத்தது. முன்னால் மீட்டர் பலகையில் மஞ்சளாக ஒரு ஸ்டியரிங் படம் எரிந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். படத்தில் குழப்பமில்லை. ஆச்சரியக்குறிதான் புரியவில்லை.

"எதையோ பாத்து ஆச்சரியப்படுது" என்றார் நம்பிராஜன்.

எதைப் பார்த்து என்று ஆராய்ந்தார்கள். சுடலைமுத்து வளைகாப்புக்கு எடுத்த ரோஸ் கலர் சட்டையை அன்றைக்கே போட்டிருந்தான். அதுதான் காரணம் என்று முடிவாகி, அவனைப் பழைய சட்டை மாற்றிவரச் சொன்னார்கள். மாற்றிக்கொண்டு வந்து காரின் முன்னால் நின்றான். விளக்கு அணையவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டும் நின்று பார்த்தான். அதற்கும் அணையவில்லை.

கடைசியில் திருநெல்வேலியில் இருந்த கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார்கள். ஜெபராணி என்ற பெண் எடுத்தாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒருதரம் ஆஃப் செய்துவிட்டுத் திரும்ப ஆன் செய்து பாருங்கள் என்றாள்.

இவர்கள் காரை ஆஃப் செய்தார்கள். பிறகு வீட்டில் மின்விசிறி, டிவி, மிக்சி எல்லாவற்றையும் ஆஃப் செய்தார்கள். பக்கத்து வீட்டில் மாவு பாதி அரைந்திருந்த கிரைண்டரை மன்னிப்புக் கேட்டு நிறுத்தினார்கள். சுடலைமுத்து தோட்டத்துக்கு ஓடி மோட்டாரை அணைத்துவிட்டு வந்தான். வாழைக்குப் பாய்ந்த தண்ணீர் பாதியில் நின்றது. பிறகு ஒன்றுவிடாமல் ஆன் செய்தார்கள். கிரைண்டர் ஓடியது. கார் மட்டும் இன்னும் ஆச்சரியத்திலேயே இருந்தது.

ஜெபராணியிடம் மறுபடி பேசினார்கள். அப்படியென்றால் நீங்கள் காரை ஓட்டவே கூடாது, எப்படியாவது இங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

ஓட்டாமல் எப்படிக் கொண்டுபோவது? மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள். பின் சீட்டில் உட்கார்ந்தால் ஓட்டுவதாகாது என்றார் நம்பிராஜன். மூன்று பேரும் பின் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் ஆனது. கார் புறப்படுகிற மாதிரி தெரியவில்லை.

நல்லவேளை, வைக்கோல் இறக்கிவிட்டு ஒரு லாரி காலியாகத் திரும்பிப் போனது. கைகாட்டி நிறுத்தி, பலகை போட்டு, ஊரே சேர்ந்து காரை அதன் மேல் தள்ளி ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியது. லாரி டிரைவர், மூணு பேரும் வண்டியில ஏறிக்கிடுங்க, கிளம்பலாம் என்றார். அவர்கள் லாரி மேல் ஏறி, காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு பெல்ட் போட்டுக்கொண்டார்கள். இசக்கியப்பன் டிரைவர் சீட்டில் இருந்தார். ஸ்டியரிங்கைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு உயரத்திலிருந்து அவர் ரோட்டைப் பார்த்ததே இல்லை. தங்கை இப்படி ஒருதரம் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

டவுனுக்கு வெளியே ஒரு போலீஸ்காரர் லாரியை நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். காருக்குள் மூன்று தலைகள் தெரிந்தன.

"வண்டியை யாரு ஓட்டுதது?" என்றார்.

"யாரும் ஓட்டலைய்யா. ஓட்டக் கூடாதுன்னு உத்தரவு" என்றார் இசக்கியப்பன்.

போலீஸ்காரர் காரைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு லைசென்ஸ் கேட்டார். இசக்கியப்பன் கண்ணாடியை இறக்கி நீட்டினார். எட்டவில்லை. இருந்தாலும் பெல்ட் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனித்துவிட்டு, போங்க என்று கையசைத்தார் அவர்.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா எல்லாம் இருந்தன. ஜெபராணி சிரித்த முகமாக வரவேற்று, வண்டியில் என்ன கம்ப்ளெயிண்ட் என்று கேட்டாள்.

இசக்கியப்பனுக்குக் கூச்சமாகிவிட்டது. வந்த இடத்தில் புகார் சொல்வதா? "கம்ப்ளெயிண்டுன்னு ஒண்ணும் இல்ல தாயி. எங்களுக்கு யார் மேலயும் குறை இல்ல" என்றார். வண்டி மேல்கூடவா என்று கேட்டாள். அது வாயில்லாத ஜீவன், அதன் மேல் என்ன குறை சொல்ல என்றார் நம்பிராஜன்.

குறை இல்லாத காரை என்ன செய்வார்கள்? தண்ணீர் விட்டு அலசி, பாலிஷ் போட்டு, உள்ளே எலுமிச்சை வாசனை அடித்து, மத்தியானத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். இசக்கியப்பன் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங் அசையவில்லை. ஆச்சரியக்குறி முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

நாளைக்குக் காலையில் வளைகாப்பு. ஜெபராணியிடம் போய், ஸ்டியரிங் சுற்றவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி என்றாள். நீ அதைக் கேட்கவில்லையே தாயி என்றார் அவர். பேச்சியின் கதை முழுவதையும் பால் வண்டி உட்படச் சொன்னார். அவளுக்கு மனசு இளகிவிட்டது. மெக்கானிக் பீர்முகமதுவைக் கூப்பிட்டு, எப்படியாவது முடித்துக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

பீர்முகமது காரை ஒருதரம் பார்த்துவிட்டு, இதைக் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார். மூவரும் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். காரையும் பார்த்தார்கள். சக்கரத்தைக் கழற்றினால் கொஞ்சம் அடங்கும் என்று சுடலைமுத்து மெதுவாகச் சொன்னான். அதற்குள் பீர்முகமது ஒரு வயரை எடுத்துக் காரில் செருகி, திரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"வண்டிக்கு நேர் எதுன்னு மறந்து போச்சு அண்ணாச்சி. திரும்பச் சொல்லிக் குடுக்கணும். அந்தப் பாடம் ஏறி முடியுத வரைக்கும் வண்டி தூங்கும். கதவு கிதவைத் திறந்து எழுப்பிராதீங்க."

சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

இசக்கியப்பன் காரின் பக்கத்தில் காவல் நின்றார். அந்தக் கார் தூங்குகிறது என்று கேட்டதும் அவருக்கு அதன் மேல் ஒரு பாசம் பொங்கியது. அடுத்த கொட்டகையில் ஒருவர் தகரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். நம்பிராஜன் போய் அவர் கையை மெல்லப் பிடித்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவர் காரணம் கேட்காமல் சுத்தியலைக் கீழே வைத்தார். சுடலைமுத்து உள்ளே போய் டிவி சத்தத்தைக் குறைத்தான். போனில் உரக்கப் பேசிய ஒருவரின் முன்னால் கைகூப்பி நின்றான். அவர் போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த இடமே நிசப்தமானது. சோபாவில் இருந்த ஓர் அம்மாள் சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, என்னப்பா விஷயம் என்று ரகசியமாகக் கேட்டார்.

"உள்ள படுத்திருக்கு" என்றான் அவன்.

"என்ன வயசு?"

"ஆறு."

"அட பாவமே. நல்லாத்தான இருந்திருக்கும்?"

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டு இருந்துது. காலையில பாத்தா ஞாபகம் போயிட்டு. கையை வச்சுத் தொட்டா விறைச்சுக் கிடக்கு."

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். செய்தி ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். சத்தம் அடங்கிப்போனதைக் கண்டு மாடியிலிருந்து இறங்கிவந்த மேனேஜர், கீழே எல்லாரும் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துத் தானும் தலைகுனிந்து நின்றார். யாரோ ஒருவர் மாலை வாங்கிவர ஆள் அனுப்பினார்.

அப்போது பீர்முகமது பின்பக்கமாக வந்து காரைப் பார்த்துவிட்டு, சோபா இருந்த அறையின் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்து, "எந்திரிச்சிட்டு" என்றார்.

தலைகுனிந்து நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினார்கள். அந்த அம்மாள் சோபாவிலேயே சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து உட்காரவைத்து விவரம் சொல்லப் பொழுது சாய்ந்துவிட்டது. வாங்கிவந்த மாலையை வீணாக்க வேண்டாம் என்று இசக்கியப்பன் காருக்குப் போட்டார்.

இரவு அங்கேயே தங்கிய மூவரிடமும் வெள்ளிக்கிழமை காலையில் காரை ஒப்படைத்தார்கள். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. ஸ்டியரிங் பழையபடி ஒற்றை விரலுக்குச் சுற்றியது. இசக்கியப்பன் அதை இரண்டு தரம் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டார். வழியனுப்ப வாசலுக்கு வந்த ஜெபராணி, "எல்லாம் சரியாயிட்டு அண்ணாச்சி. எங்கயும் திரும்பாம நேராப் போங்க. நல்ல நேரம் தாண்டிரப் போகுது" என்றாள்.

அவர்கள் எங்கேயும் திரும்பாமல் நேராகப் போனார்கள். ரோடும் தெற்கே பார்த்து நூல் பிடித்த மாதிரி போனது. சொந்த ஊரைத் தாண்டினார்கள். வளையல், பலகாரம் எல்லாம் அவரவர் வீட்டுப் பெண்கள் முதல் பஸ்ஸிலேயே கொண்டுபோயிருந்ததால் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. பேச்சியின் ஊருக்குப் பிரிகிற விலக்கு வந்தது. கார் நின்றது. ஊர் இடதுபக்கம் உள்ளே இருந்தது. பந்தலின் மைக்செட் பாட்டுக்கூடக் காதில் விழுந்தது.

"திரும்பக் கூடாதுன்னு அந்தப் பிள்ள சொல்லிச்சே" என்றான் சுடலைமுத்து.

"சொன்னது சரிதான்" என்றார் நம்பிராஜன். "நேர் எதுன்னு நேத்துதான் படிச்சிருக்கு. அதுக்குள்ள வளைவைக் காட்டினா படிச்சதும் மறந்துரும் அத்தான்."

இசக்கியப்பன் தவித்துப்போனார். நடந்து போகலாம். போனால், கார் எங்கே என்று கோமதியம்மாள் கேட்பார். காரோடு போகலாம். போனால் கார் மறுபடி படுத்துவிடும், தங்கையைக் கூட்டிவர முடியாது. வேறு வழி தெரியாமல் பேச்சிக்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். பேச்சியும் நொச்சிக்குறிச்சியில் பிறந்தவள்தானே? திரும்பாதீங்கண்ணே, நான் வாரேன் என்று சொல்லிவிட்டு மணையிலிருந்து எழுந்தாள்.

அவள் பூ வைத்த தலையோடு முன்னே நடக்க, தாம்பாளங்கள் பின்னே வர, மைக்செட்காரர் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடிவர, கூட்டம் முழுவதும் விலக்குக்கு வந்து சேர்ந்தது. டீக்கடைப் பெஞ்சில் பேச்சியை உட்காரவைத்து வளையல் போட்டார்கள். ஏழு வகைச் சாதமும் அங்கேயே பரிமாறினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களும் சாப்பிட்டார்கள்.

கோமதியம்மாள் மாலை போட்டு மினுமினுவென்று நின்ற காரைச் சுற்றிவந்து பார்த்தார். வீடு வரைக்கும் வராமல் இங்கேயே நின்றுவிட்டது ஏன் என்று கேட்டார்.

"இந்தக் கார் யார் வீட்டுக்கும் திரும்பாது அத்தை" என்றார் இசக்கியப்பன், உள்ளதை உள்ளபடி.

கண்ட வாசலிலும் போய் நிற்காத, அப்படியொரு மரியாதையான காரைக் கோமதியம்மாள் கேள்விப்பட்டதே இல்லை. மருமகளுக்குத் திருநீறு பூசி, கதவைத் தானே திறந்து ஏற்றிவிட்டார். பேச்சி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இசக்கியப்பன் காரைத் தலையில் தூக்கிக்கொண்டும் வந்திருப்பார்.

இப்போது ஊருக்குப் போக வேண்டும். ஊர் பின்னால் இருந்தது. காரைத் திருப்பக் கூடாது.

நம்பிராஜன் யோசித்துவிட்டு, பின்னால் போவதும் நேர்தானே அத்தான் என்றார். இசக்கியப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரிவர்ஸ் போட்டு, ரோட்டோர மண்பாதையில், சுடலைமுத்து துண்டை ஆட்டி வழிகேட்டுக்கொண்டு பின்னால் நடக்க, மாட்டுவண்டி வேகத்தில் கார் வடக்கே போனது. பேச்சி மடியில் இருந்த முறுக்கைத் தின்றுகொண்டே, புகுந்த வீட்டுப் பக்கம் கண்ணுக்கு நேராகச் சின்னதாகிக்கொண்டு போவதைப் பார்த்தபடி வந்தாள்.

வெயில் தாழும் நேரத்தில் நொச்சிக்குறிச்சி வந்தது. ஊர் ஜனம் முழுக்க ரோட்டோரம் காத்திருந்தது. அவர்கள் பார்க்கும்போது கார் தெற்கே மூஞ்சியை வைத்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக, புறப்படத் தயாராக நின்றது.

"கிளம்பியாச்சா?" என்று நிறைவாகக் கேட்டார்கள். "நல்லபடியாப் போயிட்டு வாங்க. பேச்சியைப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க." ஒருத்தி ஓடிவந்து ஆரத்தி எடுத்துப் பொட்டு வைத்தாள். சின்னப்பிள்ளைகள் கையசைத்தார்கள்.

இவ்வளவு பேர் ஆசையாக வழியனுப்பும்போது எப்படி இறங்குவது? இசக்கியப்பன் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு முன் கியர் போட்டார். கார் தெற்கே கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் பேச்சி பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, "அண்ணே, நாம அங்க போய்ச் சேரும்போது நான் அங்க இல்லேன்னா என்ன செய்ய?" என்று கவலையாகக் கேட்டாள்.

இசக்கியப்பன் ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் பிடித்தபடி, "எங்க போயிரப் போறே? மாசமா இருக்கிற பிள்ள வீட்டுலதான் இருப்பே" என்றார்.